அந்தக் கதையில் அண்ணன் கிடையாது

எங்கள் வீட்டில் கதைப் புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அம்மா குழம்பு கொதிக்கிற நேரத்தில் படிப்பாள். நடுவில் நாலு பக்கம் ஒட்டிக்கொண்டு தாண்டிப் போனாலும் அவளுக்குத் தெரியாது, கதை ஓடினால் சரி. அப்பாவுக்குத் தினசரிப் பேப்பர் போதும், அதையும் தலைப்பு தலைப்பாக மேய்ந்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். இவர்கள் எல்லாரையும்விட மோசம் என் அத்தை. முழுப் புத்தகத்தையும் வரி விடாமல் படித்துவிட்டு, அதில் இல்லாத கதையைச் சொல்லுவாள்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு அங்கே மல்லாட்டை மண்டி. வேர்க்கடலை என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை கொண்டுவருவார், தலையைத் தடவிக் கொடுப்பார், சத்தமாகச் சிரிப்பார். எனக்கு மாமாவைப் பிடிக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அத்தைக்குக் குழந்தை இல்லை. அதற்காக அவளுடைய மாமியார்க்காரி பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டது மாமியார், நடக்க வேண்டியது இரண்டு பேரும். மத்தியானம் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வீடு மலையடிவாரக் கோயிலின் பே கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில். சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பி மலையைச் சுற்றிவிட்டு வந்து படுத்து, காலையில் முதல் பஸ்ஸில் போய்விடுவார்கள். நான் அந்தம்மாளை ஆயா என்று கூப்பிடுவேன். ஆயா ஒரு நிமிஷம்கூட அத்தையைத் தனியாக விட்டதில்லை. அத்தை கை கழுவப் பின்கட்டுக்குப் போனால் இவளும் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். மருமகள் மேல் அவ்வளவு பிரியம் என்று நான் நினைத்தேன்.

புத்தகம் அத்தையின் ஒரே பைத்தியம். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்தபோது, தேரடி வீதிக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் இருந்த வாடகை நூலகத்தில் அவள் படிக்காத புத்தகம் இல்லை என்பார்கள். கீழ்பென்னாத்தூரில் அதற்கு வழியில்லை. அதனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மா சில புத்தகங்களை எடுத்து வைப்பாள். அத்தை அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் அடுத்த பௌர்ணமிக்குத் திருப்பிக் கொண்டுவருவாள். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. புஸ்தகத்தில் எழுதியிருப்பது எல்லாம் பொய் என்பது அவள் கட்சி. பொய்தானே, வாசித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நூலகத்துக்குப் போய் எடுத்து வருகிறவள் நான். அந்தப் புத்தகங்களின் கடைசியில் இருக்கும் வெள்ளைத் தாளில் படித்தவர்கள் எல்லாரும் ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள். ‘அறுவை’, ‘முடிவு சப்’, ‘கதாநாயகிக்கு அறிவில்லை’ என்று விதவிதமான கையெழுத்தில் இருக்கும். நானும் பென்சிலால் எழுதுவேன். என்னுடையது கொஞ்சம் நீளமாக இருக்கும். போலீஸ்காரர் முதல் அத்தியாயத்தில் மீசை வைத்திருக்கிறார், ஏழாவது அத்தியாயத்தில் மீசை இல்லை, கவனிக்கவும் என்கிற மாதிரி. நூலகக்காரர் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, எழுதினவரே இவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தைக்குக் கொடுக்கும் புத்தகங்களை நான் முன்னாலேயே படித்து முடித்திருப்பேன். அதனால்தான் சண்டை வந்தது.

முதலில் ஒரு துப்பறியும் நாவல். குன்னூர் லாட்ஜ் ஒன்றில் எஸ்டேட்காரர் ஒருவர் செத்துக் கிடக்கிறார், யார் கொன்றது என்று கடைசியில் தெரியும். சுமாரான கதைதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். புத்தகம் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே கதையைச் சொன்னாள். அந்த லாட்ஜில் பக்கத்து ரூமில் ஒரு பொண்ணு இருக்கிறாள், வீட்டுக்காரன் வெளியே போகும்போதெல்லாம் கதவை வெளியில் பூட்டிக்கொண்டு போய்விடுகிறான் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து ரூமில் இருப்பது ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர். பொண்ணே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, பூட்டிவிட்டால் அவள் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாள் என்று கேட்டாள். மாமியார் மனசு வைத்தால் ஜன்னல் வழியாகக் கொடுப்பாள், இல்லாவிட்டால் இல்லை என்றாள் அத்தை. லாட்ஜில் மாமியார் எங்கிருந்து வந்தாள் என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றாள். ஆயா மோர் கேட்டாள்.

அடுத்த தடவை மொழிபெயர்ப்புப் புத்தகம் ஒன்று. எங்கேயோ ஒரு குளிர் தேசம், கடலுக்கு நடுவில் ஒரு தீவு, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவன், அவனோடு ஒரு நாய். அவ்வளவுதான் கதை. படித்து முடித்துவிட்டு நான் இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. அதுவரை படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பின்தாளில் எதுவும் எழுதாமல் விட்டதும் அந்த ஒரு புத்தகத்தில்தான். அத்தைக்கும் பிடிக்கும் என்று நானே எடுத்துப் பையில் வைத்தேன்.

அத்தை வந்து, அந்த விளக்குக்காரனுக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று ஆரம்பித்தாள். அவன் கண்ணுக்கு மட்டும் படுகிற இடமாகப் பார்த்து அடிப்பானாம். முதுகு, தொடை, அப்படி. வெளியில் யார் பார்த்தாலும் ராணி மாதிரி இருப்பாளாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அதுல பொம்பளயே இல்ல அத்தை. நீங்க படிக்கவே இல்ல, சும்மா சொல்றீங்க.”

அத்தை என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. “நான் படிச்சப்ப இருந்துச்சு கண்ணு,” என்றாள்.

அவள் தன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அண்ணியிடம் சொல்ல அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அம்மாவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. ஊர்ப்பட்ட புத்தகத்தைப் படித்து மீசை வரைக்கும் கணக்குப் பார்த்த எனக்குப் புரியவில்லை. எனக்குப் பதினோரு வயது என்று சொல்லிச் சமாதானம் அடையலாம். ஆனால் ஒரு பெண் இல்லாத கதையிலெல்லாம் ஒரே பெண் வந்து வந்து நிற்கிறாளே, அது யார் என்று கேட்கத் தோன்றாத வாசிப்பு என்ன வாசிப்பு என்று இப்போது எரிச்சலாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அம்மா புத்தகம் தேர்ந்தெடுக்கும் விதம் மாறிப்போனது. ஒருமுறை என்னை அனுப்பிக் கை வைத்தியப் புத்தகம் ஒன்றை வாங்கிவரச் சொன்னாள். தேள்கடிக்கு இது, தீப்புண்ணுக்கு அது, வீக்கத்துக்கு இன்னொன்று என்று இருக்கும் புத்தகம். இதை யார் படிப்பார்கள் என்று நான் முனகினேன். அடுத்த பௌர்ணமிக்கு அத்தை அதைத் திருப்பிக் கொடுத்தபோது, இதுதான் இருப்பதிலேயே நல்ல கதை அண்ணி என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை சிரித்து நான் பார்த்தது அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான். ஆயாவும் எதற்கு என்று தெரியாமல் கூடச் சிரித்தாள். வைத்தியப் புத்தகத்தில் கதை கண்டுபிடிக்கிற ஆட்களோடு நான் வாழ வேண்டியிருக்கிறதே என்று எனக்கு என் நிலைமையை நினைத்துப் பாவமாக இருந்தது.

அடுத்தது மூன்று பாகம் கொண்ட சரித்திர நாவல். அந்தப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அப்பா மத்தியானம் பாத்திரக்கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். ஆயா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா, வேண்டுமென்றே என்று இப்போது தெரிகிறது, கொஞ்சம் சத்தமாக, அந்த ராஜா கதை என்னாச்சு என்று கேட்டாள்.

அத்தையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள். ஒரு ராஜகுமாரியைத் தூரதேசத்துக் கோட்டையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே அவளுக்குச் செய்யாத கொடுமை இல்லை. ஒருநாள் பல்லக்கு ஏறித் தன் அண்ணனிடம் வந்து, என்னை இங்கேயே வைத்துக்கொள், ஒரு மூலையில் கிடக்கிறேன், அரண்மனை வேலை எதுவானாலும் செய்கிறேன் என்று கேட்கிறாள்.

“அண்ணன் இன்னா சொன்னார்?” என்றாள் அம்மா.

“கொஞ்சம் பொறுத்துக்கோன்னார். ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்னார்.”

“அவர்கிட்ட உடம்பைக் காட்டலையா அவ?”

“அண்ணன்கிட்ட எப்படிக் காட்டுவா அண்ணி?”

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ராஜகுமாரி கூடப் பிறந்தவர்களே இல்லாத ஒரே வாரிசு. அவள் ஒரே வாரிசு என்பதால்தான் அந்த நாட்டுக்கே சண்டை வருகிறது. அதுதான் மூன்று பாகத்துக்கும் அச்சாணி. அதைப் போய் மாற்றினால்? நான் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, “அந்தக் கதையில அண்ணனே கிடையாது,” என்றேன்.

அப்பா பேப்பரைத் திருப்பினார். ஆயா என்னைப் பார்த்து, “அதான் நான் சொன்னேனே, எல்லாம் பொய்யி,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கண்ணை மூடினவள் உடனே திறந்து, எழுந்து அவள் பின்னாலேயே போனாள்.

அப்பா கல்மனசுக்காரர் இல்லை. ஊருக்கெல்லாம் நல்லவர். கடையில் வேலை செய்த பையனுக்குக் காய்ச்சல் என்றால் தானே சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே பேர் வெட்டினார். ஆனால் கட்டிக் கொடுத்த பெண் திரும்பி வந்து வீட்டில் உட்காருவது என்கிற ஒன்று மட்டும் அவர் மண்டைக்குள் நுழைய மறுத்தது. அதைப் பற்றி அம்மா பேச ஆரம்பித்தாலே செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். அம்மா எத்தனை தடவை பேசினாளோ எனக்குத் தெரியாது. அவர் கிளம்பிப் போனதுதான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர்கள் மலை சுற்றக் கிளம்புகிற நேரத்தில் அம்மா வாசலில் நின்று ஒரு பேய்க்கதைப் புத்தகத்தை அத்தையின் பையில் போட்டாள். இதில் ஒரு பொண்ணு திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய்விடுவாள், தேடித் தேடிப் பார்த்துவிட்டு அவள் இல்லாமலே எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்கள், நன்றாகக் கவனித்துப் படி என்றாள். அந்தப் புத்தகத்தில் திருவிழாவே கிடையாது. புளியமரமும் ஒரு கிணறும்தான். அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். அத்தை புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தொலைந்து எங்கே போவாள் என்று கேட்டாள். அண்ணி வீட்டுக்குப் போவாள் என்றாள் அம்மா. அப்புறம்? அப்புறம் அண்ணியின் தம்பி வேலூரிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவான், அங்கே லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது, டைப் படித்தவளுக்கு வேலை கிடைக்கும். பேய்க்கதையில் டைப்பும் ஹாஸ்டலும் வருவதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எங்கள் தெருவில் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. அத்தையும் ஆயாவும் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மலை சுற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் போவார்கள். மலை வலது கைப்பக்கமாகவே இருக்கும்படி நடப்பார்கள், அதற்கு மாறாக யாரும் நடக்க மாட்டார்கள். தெரு முனையில் ஏதோ சலசலப்பு. யாரோ ஒருத்தி எதிரே வருகிறாள் என்று திட்டினார்கள், வழிவிடாமல் இடித்தார்கள், இது வழி இல்லம்மா என்று ஒரு கிழவர் கையை நீட்டித் திருப்பிவிடப் பார்த்தார். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தவள் அத்தை. ரவிக்கையின் ஒரு தோள்பக்கம் தையல் விட்டிருந்தது. ஆயா எங்கே என்று கேட்டேன். அவள் நேரே உள்ளே போய்விட்டாள்.

அம்மா அவளைச் சமையலறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தன் தம்பி, வேலூர் மாமா, பஸ் ஏறிவிட்டார், இருட்டுவதற்குள் வந்துவிடுவார் என்று அம்மா சொன்னாள். அத்தை என்னைக் கூப்பிட்டு மடியில் சாய்த்துக்கொண்டு, இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். நான் அப்போது படித்துக்கொண்டிருந்த கதையைச் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது அப்பா. ஆயா மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை வரைக்கும் போகவே இல்லை. ஊருக்குள்ளேயே மருமகளைக் காணோம் என்று தெரிந்ததும் திரும்பி நேரே தேரடி வீதிக்கு, பாத்திரக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மலையைச் சுற்றி மைக்கு வைத்துக் காணாமல் போனவர்களின் பேரைச் சொல்லுவார்களே, அங்கே போய்ச் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. எங்கே போனால் கிடைப்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கதையெல்லாம் பொய் என்றவள் எத்தனை கதையைக் காது கொடுத்துக் கேட்டாளோ!

அப்பா சமையலறை வாசலில் நின்றார். அத்தை எழுந்து நின்றாள்.

“நான் போகல அண்ணா.”

“பாப்பா, கூட்டத்துல வழி தவறிட்டேன்னு நான் சொல்லிக்கறேன். அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வா.”

“போனா நான் இருக்க மாட்டேன் அண்ணா.”

அம்மா குறுக்கே வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உன் தம்பியை நம்பி என் தங்கையை அனுப்பச் சொல்கிறாயா, நாளைக்கு அவன் பேரும் சேர்ந்து கெடும் என்று அப்பா மெதுவாகத்தான் சொன்னார். அவர் குரலை உயர்த்தியிருந்தால் அம்மாவும் உயர்த்தியிருப்பாள் என்று எனக்குத் தோன்றும். மெதுவாகச் சொன்னதால் அடங்கிப்போனாள்.

ஆயா வாசலில் காத்திருந்தாள். கோபம் இல்லை, கத்தல் இல்லை. “பயந்துட்டேம்மா,” என்று அத்தையின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். அன்றைக்கு மலை சுற்றவில்லை. அப்பாவே கூட வந்து கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. படி இறங்கும்போது அத்தை பையிலிருந்து அந்தப் பேய்க்கதையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

“இந்தக் கதை சரியா வரல அண்ணி. வேற குடுங்க.”

“அடுத்த பௌர்ணமிக்கு வேற எடுத்து வெக்கறேன்,” என்றாள் அம்மா.

வேலூர் மாமா வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். காபி குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கிளம்பிப் போனார்.

அடுத்த பௌர்ணமிக்கு ஆயா மட்டும் வந்தாள். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றாள். அம்மா எடுத்து வைத்திருந்த புத்தகங்களை நான் கொண்டுவந்து நீட்டினேன். இனிமேல் அவளுக்குப் புஸ்தகம் வேண்டாம், கண்ணு கெட்டுப்போகிறது என்று ஆயா சொல்லிவிட்டாள். புத்தகங்கள் அலமாரி மேலேயே இருந்தன. நான் அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றதற்கு அம்மா விடவில்லை.

அதற்கடுத்த பௌர்ணமி வரவேயில்லை. அதாவது, வந்தது. நாங்கள் அப்போது கீழ்பென்னாத்தூரில் இருந்தோம்.

மருந்தைக் குடித்துவிட்டாள் என்றார்கள். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் போதும், என்ன மருந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அதுகூட அப்போது சொல்லப்படவில்லை. அத்தை செத்துப்போய்விட்டாள் என்று மட்டும் சொன்னார்கள். மாமா மண்டிக்கு முன்னால் மூட்டையின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அப்பா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் இரண்டு பேரும் அப்படி ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அன்றைக்கு அதைப் பார்த்து நானும் அழுதேன்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படிச் செத்தால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். சில நாள் கழித்து அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னை வீட்டில் விட ஆள் இல்லாததால் கூட்டிக்கொண்டு போனார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. நிதானமாக, நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். அப்பாவிடம் முதலில். அவளுக்கு ரொம்ப நாளாக வயிற்று வலி, எத்தனையோ வைத்தியம் பார்த்தும் தீரவில்லை, வலி தாங்காமல் இப்படிச் செய்துகொண்டாள், யார் மேலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை என்று அப்பா ஒப்பிப்பது மாதிரி சொன்னார். அதிகாரி அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். சின்னப்பெண் என்று விட்டுவிட்டார்கள்.

“பயப்படாம சொல்லுங்க. உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காங்களா? அங்க கஷ்டம், அடி, அந்த மாதிரி?”

அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே அப்பாவின் இருமல் கேட்டது.

“இல்லைங்க,” என்றாள் அம்மா. “வயித்து வலிதாங்க. ரொம்ப நாளா.”

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த வீட்டில்தான் அவள் அதற்குப் பிறகும் இருக்க வேண்டும். அவள் சொல்லுகிற கதையைக் கேட்டுக்கொள்ள அவளுக்கு ஓர் அண்ணி கிடையாது. எனக்கு இதெல்லாம் தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. அன்றைக்கு என் கவலை வேறு. வயிற்று வலி என்பது அதற்கு முன்னால் எங்கேயும் வரவில்லை. அத்தை மூன்று வேளை நன்றாகச் சாப்பிட்டாள், ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முன்னால் ஒரு வரிகூடச் சொல்லாமல் கடைசியில் திடீரென்று வயிற்று வலி என்றால் எப்படி?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அத்தைக்கு எப்பம்மா வயித்து வலி வந்துச்சு? நம்மகிட்ட சொல்லவே இல்லையே.”

அம்மா வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கடைசியா படிச்ச புஸ்தகத்துல இருந்துச்சுடி,” என்றாள். “அதுல அந்தப் பொண்ணுக்கு இருந்துச்சு.”

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. அத்தை படித்து, நான் படிக்காத ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு அம்மா அரிசியை உலையில் போடப் போய்விட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்குப் போனேன். கடைசியில் ஒரு பெண் தீராத வயிற்று வலியால் செத்துப்போகிறாளே, அந்தக் கதை வேண்டும் என்றேன்.

நூலகக்காரர் என்ன பேர் என்றார். தெரியாது என்றேன். யார் எழுதியது என்றார். அதுவும் தெரியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சங்கதி அதற்குள் தேரடி வீதி முழுக்கத் தெரிந்துதான் இருக்கும்.

“அது புஸ்தகமா வராதும்மா,” என்றார். “பேப்பர்லதான் வரும்.”

இந்த மனுஷனுக்குத் தன் கடையில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். குடும்ப நாவல்கள் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கீழ்த்தட்டில் முதல் புத்தகத்தை உருவிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதில் அவள் சாகவில்லை. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.